பச்சையில் அறுத்த கோதுமை

வெர்ன் குரோஷலும் அவருடைய மகன் ஹாமிஷும் பேசிக்கொள்வதில்லை என்பது வெரிம்பூலில் எல்லோருக்கும் தெரியும். தெரியாததுபோல் நடந்துகொள்வதில் எங்கள் ஊர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள். சனிக்கிழமை கால்பந்து மைதானத்துப் பக்கம் வெர்ன் வந்தால் பேச்சு ஆட்டு ரோமத்துக்கோ மழைக்கோ திரும்பிவிடும். ஹாமிஷ் நாட்டின் மறுகோடியில், பில்பராவில், இரும்புச் சுரங்கத்தில் வண்டி ஓட்டுகிறான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவுக்கு போன் பண்ணுகிறான் என்கிற அளவோடு நிறுத்திக்கொள்வோம்.

என் பெயர் கீத். குரோஷல் வீட்டுப் புஞ்சைக்கும் என் புஞ்சைக்கும் நடுவில் ஒரு கம்பிவேலிதான். சொந்தப் பயிரோடு, ஊருக்குத் தீவனம் அறுத்துக் கட்டிக்கொடுக்கிற தொழிலும் எனக்கு உண்டு. அதனால் யார் வீட்டுப் பயிர் எந்த நிலையில் கிடக்கிறது, யார் மனசு எந்த நிலையில் கிடக்கிறது என்பது இரண்டும் எனக்குக் கொஞ்சம் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

அப்பனுக்கும் மகனுக்கும் சண்டை ஒரு வருஷத்துக் கோதுமையால் வந்தது. ஹாமிஷ் விவசாயம் படித்துவிட்டு வந்தவன். வந்த கையோடு ஆராய்ச்சி நிலையத்துக்காரர்களைக் கூட்டிவந்து மணல்மேட்டை ஒட்டிய புஞ்சையைச் சோதனைக்கு விட்டான். வருஷாவருஷம் அவர்கள் வந்து, ஆள் ஆழத்துக்குக் குழாயை இறக்கி மண் எடுத்துக்கொண்டு போவார்கள். மண்ணில் ஈரம் எவ்வளவு, சத்து எவ்வளவு, என்ன ரகம், என்றைக்கு விதைத்தது, இதுவரை என்ன மழை என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராமுக்குக் கொடுப்பார்கள். அது அந்தப் பயிரைத் தனக்குள்ளேயே நாளுக்கு நாள் வளர்த்துப் பார்க்கும். இனிமேல் பெய்யப்போகிற மழை யாருக்கும் தெரியாது அல்லவா, அதற்குப் பழைய வருஷங்களின் வானிலையை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். இந்த வருஷம்போல் பெய்தால் இவ்வளவு விளையும், அந்த வருஷம்போல் காய்ந்தால் இவ்வளவுதான் என்று ஒரு முடிவுக்குப் பதில் நூறு முடிவுகளைக் காட்டும். ஊரில் பாதிப் பேர் யூரியா போடுவதா வேண்டாமா என்று அதைக் கேட்டுத்தான் தீர்மானிக்கிறோம். வெர்ன் மட்டும் அதை "ஹாமிஷோட குறிகாரி" என்பார்.

அந்த வருஷம் செப்டம்பரில், எங்கள் பக்கத்து வசந்தத்தில், மழை நின்றுவிட்டது. கோதுமை இடுப்புயரம் நின்றது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் கீழே ஈரம் இல்லை. பச்சையாக இருக்கும்போதே அறுத்துத் தீவனமாகக் கட்டிவிடலாம் என்றான் ஹாமிஷ். மழை வரும், தானியத்துக்கு விடலாம் என்றார் வெர்ன். விட்டார்கள். அக்டோபர் தொடக்கத்தில் வடக்கேயிருந்து சூடான காற்று இறங்கி, பால் பிடித்துக்கொண்டிருந்த கதிரை ஒரே மூச்சில் வெளுக்க வைத்துவிட்டது. பிறகு அறுவடை இயந்திரத்தை உள்ளே இறக்குகிற செலவுக்குக்கூட அதில் தானியம் இல்லை. ஆடுகளை விட்டு மேய்த்தார்கள்.

அதற்குப்பின் கொட்டகையில் இரண்டு பேருக்கும் நடந்த பேச்சு எங்கள் வீடுவரைக்கும் கேட்டது. கேட்டதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஜனவரியில் ஹாமிஷ் போய்விட்டான். இது நடந்து இரண்டு பயிர் ஆகிறது.

ஆனாலும் அந்தச் சோதனைப் புஞ்சையை வெர்ன் நிறுத்தவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை. ஆராய்ச்சி நிலையத்திலிருந்து நெரிடா என்ற பெண் வருவாள். நாற்பது வயதிருக்கும், பயிர்களைக் கம்ப்யூட்டரில் வளர்த்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. மண் எடுக்க ஆட்களை அனுப்பிவிட்டுத் தான் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கலாம், அப்படிச் செய்யமாட்டாள். குழாயிலிருந்து மண்ணைத் தட்டி, விரலால் நசுக்கிப் பார்த்துத்தான் பையில் போடுவாள். வெர்ன் தூரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அவள் வேலை செய்வதைப் பார்ப்பார். கிட்டே போகமாட்டார்.

இந்த வருஷமும் அதேமாதிரி ஆயிற்று. விதைப்பு நன்றாக அமைந்தது, குளிர்காலம் பரவாயில்லை. ஆகஸ்டு கடைசியில் மழை நின்றது. காலையில் பனி, பகலில் காற்று. சாலையோரத்துக் குட்டையான மாலி மரங்கள் எல்லாம் செம்புழுதி பூசிக்கொண்டு நின்றன. பூக்கிற பருவத்தில் கோதுமை பகல் வேளையில் இலையைச் சுருட்டிக்கொள்ள ஆரம்பித்தது.

நெரிடா மண் எடுக்க வந்திருந்த அன்று நான் வெர்னிடம் வாங்கின வெல்டிங் இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரம். வெர்னின் மனைவி ஏவிஸ் என்னையும் விடவில்லை. நெரிடாவையும் வயலிலிருந்து கூப்பிட்டுவந்து உட்கார வைத்தாள். குளிர்ந்த ஆட்டுக்கறித் துண்டுகள், ரொட்டி, அவள் போட்ட தக்காளி ஊறுகாய், ஒரு பெரிய கெட்டிலில் தேநீர். ஏவிஸ் பேச்சுக்காரி. வெர்ன் பேசாத வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து அவள்தான் பேச வேண்டும்.

இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று நெரிடாவிடம் கேட்டாள். முப்பது வருஷம் கழித்து இந்தப் பகுதியில் என்ன விளையும் என்று பார்த்துக்கொண்டிருப்பதாக நெரிடா சொன்னாள். வெயில் ஏறுகிறது, வசந்தத்து மழை குறைகிறது. அதற்குப் பயிரை முன்கூட்டி விதைத்தால் பூக்கிற நேரம் உறைபனியில் மாட்டிக்கொள்கிறது, தள்ளி விதைத்தால் சூட்டில் மாட்டிக்கொள்கிறது. நடுவில் இருக்கிற இடுக்கு வருஷத்துக்கு வருஷம் நகர்கிறது. எந்த ரகம், எந்த மாசம், எவ்வளவு ஆழத்தில் விதைத்தால் அந்த இடுக்கில் நுழையலாம் என்று ஆயிரக்கணக்கான தடவை விதைத்துப் பார்க்கிறாளாம். ஒரு சொட்டு டீசல் இல்லாமல்.

"அப்போ இங்க பயிர் இருக்குமா இருக்காதா? அதைச் சொல்லு," என்றாள் ஏவிஸ்.

"இருக்கும் ஏவிஸ். இதே மாதிரி இருக்காது. எல்லா வருஷமும் கோதுமை போட முடியாது, சில புஞ்சையைச் சும்மா விட்டு ஈரம் சேக்கணும். மாத்தி மாத்திச் செய்யறதுக்குத் தயாரா இருக்கற ஆளுக்கு இருக்கும்."

"ஆளுக்குத்தானே இங்க பஞ்சம்," என்றாள் ஏவிஸ். சொல்லிவிட்டு ரொட்டியை வெட்டினாள்.

வெர்ன் கறியைத் தள்ளி வைத்தார். கொஞ்ச நேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு நெரிடாவைப் பார்க்காமலே கேட்டார்.

"அதுல பின்னாடியும் போக முடியுமா?"

"எவ்வளவு பின்னாடி?"

"காஞ்சுபோன வருஷம்."

நெரிடாவுக்குப் புரிந்தது. ஊர் விவகாரம் அவளுக்கும் தெரியும். "வெர்ன், அது வேண்டாமே," என்று மெதுவாகச் சொன்னாள். அவர் அசையவில்லை. அவள் ஏவிஸைப் பார்த்தாள், ஏவிஸ் தட்டுகளை எடுத்து ஒதுக்கி மேசையில் இடம் பண்ணிக் கொடுத்தாள். நெரிடா வண்டியிலிருந்து மடிக்கணினியைக் கொண்டுவந்தாள். அந்த வருஷம் எடுத்த மண் விவரம் அதில் இருந்தது.

முதலில் நடந்தது நடந்தபடி ஓட்டிக் காட்டினாள். அறுத்திருந்தால் கொட்டகை நிறையத் தீவனம். விட்டதில் ஒன்றும் இல்லை.

வெர்ன் தலையை ஆட்டினார். "இதுக்குப் பெட்டி எதுக்கு, ஆடு மேய்ச்ச எனக்குத் தெரியாதா. நான் கேக்கறது வேற. நாங்க ரெண்டு பேரும் வேலியோரத்துல நின்னு பேசினோமே, அன்னைக்கு. அதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னு அதுக்குத் தெரியக்கூடாது. அன்னைக்குக் காலையில கேட்டிருந்தா என்ன சொல்லியிருக்கும்?"

நெரிடா அவரைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள். நல்ல கேள்வி என்று அவள் முகத்தில் தெரிந்தது. அந்த நாளோடு வானிலையை வெட்டிவிட்டு, மிச்சத்துக்குப் பழைய வருஷங்களைப் போட்டு ஓட்டினாள். நாங்கள் மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே காற்றாலை கிறீச்சிட்டது.

"பாதிக்குப் பாதி," என்றாள். "காத்திருந்தா பொழைச்சிருக்கற வருஷம் பாதி, போயிருக்கற வருஷம் பாதி. அன்னைக்கு உங்களுக்குத் தெரிஞ்சதை வச்சு யாராலயும் இதுக்கு மேல சொல்லியிருக்க முடியாது."

வெர்ன் நாற்காலியில் சாய்ந்தார். மூச்சு பெரிதாக வந்தது. "அப்போ நான் முட்டாள் இல்லே."

"அவனும் இல்லே," என்றாள் ஏவிஸ்.

அவள் விடவில்லை. "வெர்ன், அன்னைக்கு அவன் இதை உங்கிட்ட காட்டலியா?"

"கொண்டுவந்தான்."

"என்ன சொன்னான்?"

வெர்ன் மேசையில் கிடந்த ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒன்றாகச் சேர்த்தார். "பாதிக்குப் பாதின்னுதான் சொன்னான். சமமா இருக்கு, அப்போ ஆபத்து இல்லாததைப் பண்ணுவோம்னான். சமமா இருந்தா நான் சொல்றதுதான்னு சொன்னேன்." கொஞ்சம் பொறுத்து, "உனக்கு இந்தப் புஞ்சையில கணக்கு பாக்கத் தெரியும், வேற எதுவும் தெரியாதுன்னேன். அது அன்னைக்கே சொன்னது. கொட்டகையில சொன்னது தனி," என்றார்.

பத்து வருஷம் விதைப்பிலிருந்து அறுவடைவரை அந்தப் புஞ்சையில் கிடந்தவனிடம் அதைச் சொல்லியிருக்கிறார். நான் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏவிஸ் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு, பாத்திரம் எதுவும் கழுவாமல் நின்றாள்.

நெரிடா கணினியை மூடப் போனாள். வெர்ன் கையை நீட்டித் தடுத்தார். "இந்த வருஷத்தைப் போடு."

இந்த வருஷம் அப்படி இல்லை. மண்ணில் ஈரம் அன்றைக்கு இருந்ததைவிடக் குறைவு. மூன்றில் இரண்டு பங்கு அறுத்துவிடுவதன் பக்கம், ஒரு பங்கு விட்டுவைப்பதன் பக்கம் என்று வந்தது. அதை நெரிடா இரண்டு தடவை சொன்னாள். அந்த ஒரு பங்கும் நிஜம்தான் என்று அழுத்திச் சொன்னாள். வெர்ன் கேட்டுக்கொண்டார். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை ஏவிஸ் எனக்குப் பிறகு சொன்னாள். தேவாலயத்திலிருந்து வந்து சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போல ஹாமிஷ் கூப்பிட்டிருக்கிறான். வழக்கமாக போன் மணி அடித்தால் வெர்ன் நாய்க்குச் சோறு வைக்கப் போய்விடுவார். அன்று போகவில்லை. கதவோரமாக நின்றார்.

"அவங்கிட்ட கேளு," என்றாராம். "என்ன பண்ணலாம்னு."

"போன் இங்கதான் இருக்கு. நீயே கேளு," என்று ஏவிஸ் அதை நீட்டியிருக்கிறாள். அவர் வாங்கவில்லை. ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நாயைத் தேடிக்கொண்டு போய்விட்டார். அதனால் அவளே கேட்டாள். மண் கணக்கு, மூன்றில் இரண்டு, எல்லாம் சொன்னாள். அப்பாதான் கேட்கச் சொன்னார் என்பதையும் சொன்னாள். ஹாமிஷ், தான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்றானாம். சொல்லிவிட்டு இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருப்பது சரியில்லை, பயிரைப் பார்க்கிறவர் அவர், அவரே முடிவெடுக்கட்டும் என்றானாம். கோபமாகச் சொல்லவில்லை என்றாள் ஏவிஸ். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியதாம்.

மறுநாள் வெர்ன் என் பட்டறைக்கு வந்தார். பிறந்ததிலிருந்து கோதுமையைப் பச்சையில் அறுக்காத மனுஷன். அவர் அப்பாவும் அறுத்ததில்லை. இயந்திரம் எப்போது ஓய்வாக இருக்கும் என்று கேட்டார்.

"நிச்சயமா வெர்ன்?" என்றேன்.

"நிச்சயம் இல்லே. அறு."

வியாழக்கிழமை பனி காய்ந்ததும் இறங்கினேன். கதிர் பூத்த கோதுமையை அறுப்பது சங்கடமான வேலை. நெய்மாதிரி ஒரு பச்சை வாசனை வரும், தலைக்குள் ஏறி நிற்கும். அறுவாள் தட்டுக்கு முன்னால் பயிர் ஒருதரம் நடுங்கிப் படுக்கும், பின்னால் தண்டு நசுங்கி நீளநீளமாக வரிசையில் விழும். காலா கிளிகள் ரோஜாநிற வயிற்றைக் காட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னாலேயே கூட்டமாக வந்தன. வெர்ன் வேலியோரத்தில் பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்து முழுநாளும் பார்த்தார். மதியம் ஏவிஸ் கொண்டுவந்த பழக்கேக்கை எனக்குக் கொடுத்தார், தான் தின்னவில்லை. ஒருதடவை இறங்கிவந்து அறுத்த வரிசையில் ஒரு கைப்பிடியை எடுத்து முறுக்கிப் பார்த்தார். நல்ல தீவனமாகும் என்று நான் சொன்னேன். ஆகும் என்றார்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய முடிந்தது. கிழக்கே களிமண் பள்ளத்தில் இருந்த கொஞ்சத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னார். அங்கே ஈரம் இன்னும் தாக்குப்பிடிக்கும். மற்றதெல்லாம் தரையில் கிடந்து காய வேண்டும், காய்ந்ததும் புரட்டி ஒன்றுசேர்த்துக் கட்டுவது.

பாதி காய்ந்திருக்கும்போது வானிலை அறிக்கை மாறியது. மேற்கே கடலிலிருந்து ஒரு மேகக்கூட்டம் வருகிறது, ஆனால் தெற்கே போய்விடும் என்றார்கள். அது தெற்கே போகவில்லை. காலையில் தூறலாக ஆரம்பித்து, பிறகு நிதானமாக, காற்றே இல்லாமல், மண் குடிக்கக் குடிக்கப் பெய்தது. அப்படிப்பட்ட மழை எங்கள் பக்கத்தில் எப்போதாவதுதான் பெய்யும். ஊரில் ஆட்கள் கடைவாசலில் நின்று நனைந்துகொண்டு சிரித்தார்கள். என் கோதுமை அறுக்காமல் நின்றது, இந்த மழையில் பிழைத்துவிடும், நானும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவன். குரோஷல் புஞ்சையைத் தாண்டும்போது கண்ணை ரோட்டிலேயே வைத்துக்கொண்டு போனேன். பிறகு வண்டியைத் திருப்பி அவர்கள் வீட்டுக்கு விட்டேன்.

நெரிடாவின் வண்டி முன்பே நின்றிருந்தது. மழை பெய்வதைப் பார்த்ததும் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிளம்பி வந்துவிட்டாளாம். வந்து என்ன செய்வதென்று அவளுக்கே தெரியவில்லை. ஈரத்தலையோடு சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். வெர்ன் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். அவர் தேநீர் போட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஏவிஸ் எங்கே என்று கேட்டேன். ஜன்னலைக் காட்டினார். கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, புஞ்சையைப் பார்த்தபடி சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

"வெர்ன், நான் வந்து..." என்று நெரிடா ஆரம்பித்தாள்.

"நீ மூணுல ரெண்டுன்னு சொன்னே. மூணாவது இது." கோப்பையை அவள் முன்னால் வைத்தார். "நீ சொன்னதுல பொய் இல்லே. சர்க்கரை போட்டுக்கோ."

அவள் அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சர்க்கரை போட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லை. வெர்ன் ஜன்னலைப் பார்த்தார், ஏவிஸுக்குக் கேட்டிருக்காது. இரண்டு மூன்று தடவை அடிக்க விட்டுவிட்டுப் போய் எடுத்தார். அவருக்குக் காது மந்தம், அதற்காக அந்த போனில் சத்தத்தைக் கூட்டியே வைத்திருப்பார்கள். அதனால் அந்தப் பக்கம் பேசினதும் எங்களுக்குக் கேட்டது.

"அம்மா?"

"நான்தான்."

சத்தம் இல்லை. வைத்துவிட்டான் என்று நினைத்தேன்.

"ரேடார்ல பாத்தேன்," என்றான் ஹாமிஷ். "அங்க மழையா?"

"ஆமா. நல்ல மழை."

"கட்டியாச்சா?"

"இல்லே. எல்லாம் கீழ கிடக்கு. பள்ளத்துல மட்டும் நிக்குது."

கூரைத் தகரத்தில் மழை விழுகிற ஓசை மட்டும் இருந்தது. வெர்ன் போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார். என்ன வரப்போகிறதோ அதை வாங்கிக்கொள்ளத் தயாராக நின்ற மாதிரி இருந்தது. பெரிய கை, மணிக்கட்டில் நரம்பு புடைத்திருந்தது.

"நானா இருந்தாலும் அறுத்திருப்பேன்," என்றான் ஹாமிஷ்.

வெர்ன் போனை மறுகாதுக்கு மாற்றினார். "அன்னைக்கு நீ சமமா இருக்குன்னு சொன்னதைத்தான் நெரிடா பெட்டியும் சொல்லுது. போட்டுப் பாத்தோம்," என்றார்.

"எப்ப?"

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடி. நான் அன்னைக்கே அதைப் பாத்திருக்கணும்டா. பாத்துட்டு வேண்டாம்னு சொல்லியிருந்தாலும் பரவால்லே. பாக்கவே இல்லே."

அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று எங்களுக்குக் கேட்கவில்லை. மெதுவாகச் சொல்லியிருப்பான். கொஞ்சம் கழித்து, மழை விட்டதும் இரண்டு தடவையாவது புரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் அடியில் பூசணம் பிடிக்கும் என்று அவன் சொல்வது கேட்டது. வெர்ன் தெரியும் என்றார். யார் புரட்டப் போகிறார்கள் என்று கேட்டான். கீத் இருக்கிறான், நான் இருக்கிறேன் என்றார். எனக்குக் கொஞ்சம் லீவு கிடக்கிறது என்றான் அவன். வெர்ன் வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை அவருக்கு.

"உங்கம்மா கோழிக்கூட்டுப் பக்கம் நிக்கறா. இரு, கூப்பிடறேன்."

"வேண்டாம்ப்பா. நீங்களே பேசுங்க."

வெர்ன் சுற்றும்முற்றும் பார்த்தார். காலால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தார். "அந்தப் பள்ளத்துல நிக்குதே," என்று ஆரம்பித்தார், "அதுல ஒரு தண்டுக்கு..."

நெரிடா கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நானும் எழுந்தேன். பின்கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு மழையில் இறங்கி ஏவிஸ் நின்ற இடத்துக்குப் போனோம். புஞ்சையில் வரிசைகளெல்லாம் கறுத்துப்போய், நடுவில் தண்ணீர் மினுங்கிக்கொண்டு கிடந்தன.

உள்ளே யார் பேசுகிறார்கள் என்று ஏவிஸ் கேட்டாள். ஹாமிஷ் போனில் இருக்கிறான், வெர்ன்தான் பேசுகிறார் என்றேன்.

அவள் வீட்டுப் பக்கம் ஒரு எட்டு வைத்தாள். பிறகு நின்றுவிட்டாள். மழைக்கோட்டின் தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு, தலை நனைய நனைய, அங்கேயே நின்றாள்.